பாரும் தூக்க வேண்டும், அரைமண்டியும் உட்கார வேண்டும்: இரண்டும் ஒத்துப்போகுமா?

செம்பூர்க்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 36. மும்பையில் வீடு செம்பூர், ஆபீஸ் பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸ். பத்தாவது வரை பரதம் கற்றுக்கொண்டேன். படிப்பு, கல்யாணம், பிள்ளைகள் என்று அது விட்டுப்போய், இப்போது மறுபடியும் வகுப்புக்குப் போகிறேன். செவ்வாய் மாலையும் சனி காலையும். நடுவில் முதுகுவலிக்காக ஜிம்மில் சேர்ந்தேன். வலி போய்விட்டது, ஜிம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. பிடித்துவிட்டது, வேறென்ன சொல்ல. இப்போது ஸ்குவாட் (எடை ஏற்றிய பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) 70 கிலோ, டெட்லிஃப்ட் (பாரைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்வது) 95. நூறைத் தொடாமல் விடுவதாக இல்லை.

சிக்கல் என்னவென்றால், அரைமண்டி, அதாவது முழங்கால்களை வெளிப்பக்கம் விரித்துப் பாதி உட்காரும் நிலை, அதைப் பற்றி டான்ஸ் டீச்சர் சொல்கிறார்: "வெயிட் தூக்கினா தொடை கல்லாயிடும். அப்புறம் அரைமண்டி எங்கேர்ந்து உக்காரும்?" ஜிம் கோச், என் தம்பியை விடச் சின்னப் பையன், அவன் சொல்கிறான்: "மேடம், இத்னா ஸ்ட்ரெச் கரோகே தோ தாகத் கம் ஹோ ஜாயேகீ." இவ்வளவு ஸ்ட்ரெச் செய்தால் பலம் குறைந்துவிடுமாம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. என் கால்களை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

ஆடத் தெரியாமல் கூடம் கோணல் என்கிற கேஸ் இல்லை இது. திங்கட்கிழமை ஸ்குவாட் செய்துவிட்டு செவ்வாய் வகுப்புக்குப் போனால், தட்டடவு (பாதம் தட்டி ஆடும் அடிப்படை அடவு) முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், ஒழுங்காக இருக்கிறது. இரண்டாம் காலம் வரும்போது முழங்கால்கள் மெல்ல முன்பக்கம் வந்துவிடுகின்றன. பின்பக்கம் வெளியே தள்ளுகிறது. உட்கார்ந்த உயரம் விரல்கடை விரல்கடையாக ஏறுகிறது. டீச்சர் தட்டுக்கழி நுனியால் முழங்காலைத் தொட்டு வெளியே தள்ளிக் காட்டுவார். ஐந்தாறு தட்டு வரை அங்கே நிற்கும், பிறகு பழைய இடத்துக்கே வந்துவிடும். அலாரிப்பு உருப்படியில் முழுமண்டியிலிருந்து (குதிகால் வரை முழுக்க உட்காரும் நிலை) எழுந்திருப்பது மட்டும் சுலபமாகிவிட்டது, அது ஜிம்மின் புண்ணியம். ஆனால் முழுமண்டியில் முதுகு நிமிரவில்லை.

எதை எந்த நாளில் செய்வது? ஸ்ட்ரெச் முன்னாலா பின்னாலா? இல்லை, ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டுமா? "யோகா போதுமே, பெண்களுக்கு வெயிட் எதற்கு" என்று சொல்ல வருகிறவர்களுக்கு முன்கூட்டியே நன்றி.

கிங்ஸ் சர்க்கிள் வாசி:

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்தால் இப்படித்தான். நூறு கிலோ வேண்டுமா, நாட்டியம் வேண்டுமா, முடிவு செய்யுங்கள். நாற்பதை நெருங்கும்போது உடம்பு இரண்டுக்கும் ஈடு கொடுக்காது.

தாராவி பளுக்காரன்:

கிங்ஸ் சர்க்கிள் சார், நாற்பதை நெருங்கும்போது கொடுக்காது என்றால் அறுபதைத் தாண்டின நான் இப்போது குதிகாலில் உட்கார்ந்து இதை டைப் அடிக்கிறேனே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

தங்கச்சி, உங்கள் டீச்சரும் பொய் சொல்லவில்லை, கோச்சும் பொய் சொல்லவில்லை. ஆளுக்குப் பாதி சொல்கிறார்கள். நான் ரயில்வேயில் விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்கு வந்தவன், பளுதூக்குதல். ரிட்டயர் ஆகிவிட்டேன். இப்போது தொண்ணூறடி ரோடு பக்கத்தில் காலை நேரத்தில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் பேசுகிறேன், டாக்டர் இல்லை.

வெயிட் தூக்கினால் உடம்பு இறுகும் என்கிறவர்கள் ஒரு ஸ்னாட்சை, பாரைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோவதை, பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. நம் வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 77 கிலோ பிரிவில், ஸ்னாட்சில் மட்டும் 149 கிலோ எடுத்துத் தங்கம் வாங்கினார். அந்த எடை தலைக்கு மேல் வந்து நிற்கிற நொடியில் ஆள் எப்படி இருப்பான் என்று யோசியுங்கள். பின்பக்கம் குதிகாலைத் தொடாத குறை, முழங்கால் கட்டைவிரலைத் தாண்டி முன்னால், முதுகு நிமிர்ந்து, கை இரண்டும் பூட்டின மாதிரி நேராகக் காதுக்குப் பின்னால். கணுக்கால் மடங்காவிட்டால் உடம்பு பின்னால் சாயும். தோள் திறக்காவிட்டால் பார் முன்னால் விழும். மீராபாய் சானு டோக்கியோ ஒலிம்பிக்கில் 115 கிலோவைத் தோளில் வாங்கினதும் அதே ஆழத்தில்தான். வளையாத உடம்பு இந்த விளையாட்டில் ஒரு சீசன்கூடத் தாங்காது.

அப்போது இறுக்குவது எது? அரைகுறை இறக்கம். ஜிம்மில் தினமும் பார்க்கலாம், பாரில் நூறு கிலோ ஏற்றிக்கொண்டு நாலு விரல்கடை இறங்கி, "ஹோ கயா" (முடிந்தது) என்று ரேக்கில் வைத்துவிட்டு செல்ஃபி எடுப்பான். தசையிடம் எந்த நீளத்தில் வேலை வாங்குகிறோமோ, அந்த நீளத்தில்தான் அது பலம் சேர்க்கும். அதைத் தாண்டிப் போகச் சொன்னால் பயந்து பிடித்துக்கொள்ளும். நம் பழைய தேகப்பயிற்சி சாலைகளில் பஸ்கி என்றால் குதிகால் வரை உட்கார்ந்து எழுவதுதான். பாதி பஸ்கிக்கு அங்கே கணக்கே கிடையாது.

அதனால் முதல் வேலை: வாரத்தில் ஒரு ஸ்குவாட் நாளில் 70ஐ மறந்துவிடுங்கள். 45, 50 போதும். மூன்று எண்ணி இறங்குங்கள், முதுகு உருளாமல் எவ்வளவு ஆழம் போகுமோ அவ்வளவு. கீழே இரண்டு எண்ணி நில்லுங்கள், பிறகு எழுங்கள். ஐந்து ஐந்தாக நாலு செட். குதிகால் தூக்கினால் இப்போதைக்கு அதன் கீழ் மெல்லிய பலகை வைத்துக்கொள்ளலாம், குற்றமில்லை. பளுதூக்குகிறவர்களின் ஷூவிலேயே குதிகால் உயர்த்தித்தான் இருக்கும்.

இரண்டாவது, நாள் கணக்கு. திங்கள் ஸ்குவாட், செவ்வாய் வகுப்பு என்பதுதான் உங்களைக் கொல்கிறது. கடுமையாகச் செய்தால் தசை வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சம். சரியாக அந்த உச்சத்தில் போய் அரைமண்டியில் உட்காருகிறீர்கள். முழங்கால் உள்ளே வராமல் என்ன செய்யும்? ஸ்குவாட்டைச் செவ்வாய் காலைக்கே தள்ளுங்கள். காலையில் பார், மாலையில் வகுப்பு, புதன் முழுக்க ஓய்வு. சனி காலை வகுப்பு முடித்து, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, மாலையில் டெட்லிஃப்ட். ஞாயிறு பிள்ளைகளோடு. வியாழன் மேல் உடம்பு மட்டும். கஷ்டமான நாள் கஷ்டமாகவே இருக்கட்டும், லேசான நாள் முழுசாக லேசாக இருக்கட்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சம் என்று இழுத்தால் எந்த நாளும் கால் புதிதாக இருக்காது.

மூன்றாவது, ஸ்ட்ரெச்சையும் பார் மாதிரியே நடத்துங்கள். எடை வைத்து, செட் வைத்து, நோட்டில் எழுதி. டிவி பார்த்துக்கொண்டே காலை நீட்டி வைப்பது அலுப்புக்கு நல்லது, அரைமண்டிக்கு ஆகாது.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். சுவரில் முதுகு சாய்த்து நில்லுங்கள். பின்பக்கமும் தோள்பட்டையும் சுவரில் ஒட்ட வேண்டும், குதிகால் சுவரிலிருந்து நாலு விரல்கடை தள்ளி. 8 கிலோ டம்பெல்லை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அரைமண்டிக்கு இறங்குங்கள். முழங்கால் எந்த இடத்தில் "இனி முடியாது" என்று உள்ளே திரும்பப் பார்க்கிறதோ, அதற்கு ஒரு நூல் முன்னால் நிறுத்துங்கள். அங்கேயே முழங்கால்களை வெளிப்பக்கம், யாரோ எதிரே கை வைத்துத் தடுக்கிற மாதிரி நினைத்து, ஐந்து எண்ணும் வரை அழுத்துங்கள். விடுங்கள். மூச்சை விட்டுக்கொண்டே ஒரு விரல்கடை இறங்குங்கள், திரும்ப அழுத்துங்கள். நாலைந்து முறை, பிறகு எழுந்துவிடலாம். மூன்று செட்டுக்கு மேல் வேண்டாம், இடுப்பின் வெளிப்பக்கத்துப் பின்தசை எரியும். எரிய வேண்டியதே அங்கேதான். முழங்காலுக்குள் வலித்தால் அப்போதே நிறுத்துங்கள்.

இதோடு, கட்டை மேல் நின்று முழங்காலை லேசாக மடக்கி வைத்துக்கொண்டு குனியும் ருமேனியன் டெட்லிஃப்ட் ஒன்று, பக்கவாட்டில் ஒரு காலில் உட்கார்ந்து மறு காலை நீட்டுகிற காசாக் ஸ்குவாட் ஒன்று. கூடவே தோளுக்குக் கர்லாக்கட்டை கிடைத்தால் சுழற்றுங்கள், நாட்டியக் கைக்கும் நல்லது. இன்னும் பத்துப் பயிற்சி யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள்.

முலுண்ட் பிசியோ:

பளுக்காரர் ஐயா சொன்னதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஒன்றிரண்டு சேர்க்கிறேன்.

உங்கள் கோச் சொல்வதற்கு ஆதாரம் உண்டு, ஆனால் அளவைத்தான் அவர் விட்டுவிட்டார். டேவிட் பெஹம் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2016இல் நிறைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒரு தசையை 60 வினாடியோ அதற்கு மேலோ அசையாமல் இழுத்துப் பிடித்துவிட்டு உடனே சோதித்தால் சராசரியாக 4.6 சதவீதம் திறன் குறைந்தது. 60 வினாடிக்குக் குறைவாக என்றால் 1.1 சதவீதம்தான். உங்கள் 95 கிலோவில் ஒரு கிலோ. அதன் பிறகு ஒழுங்கான வார்ம்அப் செய்தால் அந்தக் குறைவும் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகவே நீளமான ஸ்ட்ரெச்சை பாருக்குப் பின்னால் அல்லது வேறு நேரத்தில் வையுங்கள், முன்னால் அசைவோடு கூடியது போதும். அதற்கு மேல் கவலைப்பட ஒன்றுமில்லை.

டீச்சர் சொன்னதற்கும் பதில் இருக்கிறது. 2021இல் போர்ச்சுகல் ஆய்வாளர்கள் முன்னின்று செய்த தொகுப்பாய்வு ஒன்றில், மூட்டின் வீச்சைக் கூட்டுவதில் பலப் பயிற்சிக்கும் ஸ்ட்ரெச்சுக்கும் வித்தியாசம் காண முடியவில்லை. ஐயா சொன்ன முழு இறக்கம் அதனால்தான் முக்கியம்.

ஆனால் எடை ஏற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். மல்லாந்து படுத்து, இரண்டு உள்ளங்கால்களையும் சேர்த்து, முழங்கால்களைப் பக்கவாட்டில் தானாக விழ விடுங்கள். யாரும் அழுத்த வேண்டாம். அநேகமாகத் தரை வரை இறங்கினால், உங்களுக்கு வளைவு இருக்கிறது, அந்த வளைவில் நின்று தாங்கும் பலம்தான் இல்லை. அது பயிற்சியால் தீரும். பாதியில் நின்று தொடையின் உள்பக்கம் இழுத்தால் தசை இறுக்கம், அதுவும் தீரும், கொஞ்சம் நாளாகும். ஆனால் இடுப்பின் முன்மடிப்பில், கவட்டைப் பக்கம், நறுக்கென்று கிள்ளுகிற மாதிரி இருந்து நின்றுவிட்டால் அது எலும்போடு எலும்பு முட்டுவதாக இருக்கலாம். தொடை எலும்பும் இடுப்புக் குழியும் பொருந்துகிற கோணம் ஆளுக்கு ஆள் வேறு. அதை எந்த ஸ்ட்ரெச்சும் மாற்றாது. அப்படியென்றால் ஒருவரிடம் நேரில் காட்டுங்கள்.

இன்னொன்று, நாட்டியம் ஆடுகிறவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது: இடுப்பு திரும்பாததைப் பாதத்தைத் திருப்பி ஈடுகட்டுவது. பாதம் சரியாக நூற்றெண்பது டிகிரி காட்டும், பார்க்க அழகாக இருக்கும், முறுக்கு முழுக்க முழங்காலில் விழும். கீழே குனிந்து பாருங்கள். முழங்கால் சிப்பி இரண்டாவது கால்விரலுக்கு நேராக இருக்கிறதா? இல்லையென்றால் பாதத்தை உள்ளே கொண்டுவாருங்கள், டீச்சரிடம் சொல்லிவிட்டு.

தாதர் அப்பா:

என் பெண் சிவாஜி பார்க்கில் சமர்த்த வியாயாம் மந்திரில் மல்லகம்பம் கற்றுக்கொள்கிறாள். அங்கே பல வருஷமாகச் சொல்லிக்கொடுக்கும் உதய் தேஷ்பாண்டேவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அங்கே போய் உட்கார்ந்து பாருங்கள், உங்கள் டீச்சரையும் கோச்சையும்கூடக் கூட்டிக்கொண்டு போகலாம். விளக்கெண்ணெய் தடவிய கம்பத்தைத் தொடையால் மட்டும் கவ்விக்கொண்டு, முதுகைப் பின்னால் வில்லாக வளைத்து, கையை விட்டுவிட்டுத் தொங்கும் குழந்தைகள். அதில் எது பலம், எது வளைவு என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். முதலில் மல்யுத்தக்காரர்களுக்கான பயிற்சியாக இருந்ததுதான் அது, கட்டுமஸ்தான ஆட்களுடையது.

கிங்ஸ் சர்க்கிள் வாசி:

எட்டு வயதுக் குழந்தையையும் 36 வயதுக்காரரையும் ஒப்பிடுவது சரியா?

தாதர் அப்பா:

சரியில்லைதான். அங்கே பெரியவர்களும் வருகிறார்கள், அதையும் வந்து பாருங்கள்.

செம்பூர்க்காரி:

எல்லோருக்கும் நன்றி. பிசியோ மேடம் சொன்ன சோதனையை நேற்று ராத்திரி ஹாலில் பாய் விரித்துச் செய்து பார்த்தேன். முழங்கால் இரண்டும் தரைக்கு ஒரு சாண்கூட இல்லாத தூரத்தில் போய் நின்றன, கிள்ளல் எதுவும் இல்லை. சின்னவன் பக்கத்தில் படுத்து அவனும் செய்தான், அவனுக்குத் தரையைத் தொட்டது, அதற்குள் அவனுக்கு ஒரே பெருமை. எழுந்து நின்று அரைமண்டி உட்கார்ந்தால் அந்த அகலத்தில் பாதிகூட வரவில்லை. ஆகவே இருக்கிறது, தாங்கத்தான் ஆள் இல்லை. இத்தனை நாள் கதவு நிலையில் காலை மாட்டி இழுத்துக்கொண்டிருந்தது இல்லாத வியாதிக்கு மருந்து போலிருக்கிறது.

பாதத்தையும் பார்த்தேன். வலது கால் சரி. இடது முழங்கால் சிப்பி கட்டைவிரலுக்கும் உள்ளே போகிறது. டீச்சரிடம் சொன்னேன். கொஞ்சம் முகம் சுளித்தார், ஆனால் "சரி, ரெண்டு விரல்கடை உள்ளே வெச்சுக்கோ, முதுகு நிமிரட்டும்" என்றார். நிமிர்ந்தது. அவரே பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த அடவுக்குப் போய்விட்டார்.

பளுக்காரர் அண்ணா, இரண்டு சந்தேகம். ஸ்குவாட்டைச் செவ்வாய் காலைக்கு மாற்ற முடியும், ஆறரைக்கு ஜிம் திறக்கிறான். ஆனால் கோச் 50 கிலோவில் என்னை விடமாட்டான், "மேடம், ப்ரோக்ரெஸ் ருக் ஜாயேகா" (முன்னேற்றம் நின்றுவிடும்) என்பான். என்ன சொல்வது? இரண்டாவது, சுவர் அரைமண்டிக்கு 8 கிலோ சுலபமாக இருந்தது, 10க்குப் போனால் முழங்கால் உடனே உள்ளே வருகிறது. நடுவில் ஒன்றும் இல்லையா?

தாராவி பளுக்காரன்:

கோச்சிடம் வாதம் வேண்டாம், பையன் மனம் கோணாமல் காரியம் ஆகட்டும். வாரத்தில் ஒரு நாள் அவன் சொல்கிற எடை, ஒரு நாள் உங்கள் ஆழம். சனி மாலை டெட்லிஃப்ட்டை அவன் கையிலேயே விட்டுவிடுங்கள், நூறைத் தொடவைக்கிற பெருமை அவனுக்கே போகட்டும். ஆழத்தில் ஐம்பது சுலபமாகிவிட்டால் ஐம்பத்திரண்டரை, அப்படியே ஏற்றுங்கள். கொஞ்ச நாளில் அவனே வந்து "மேடம், இத்னா நீச்சே கைஸே?" (இவ்வளவு கீழே எப்படி?) என்று கேட்பான்.

எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் இருக்கிறது, ஆனால் உங்கள் ஜிம்மில் இருக்காது. டம்பெல்லை விட்டுவிட்டு ஒரு சின்ன பையில் எடை போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள், அரிசியாக இருந்தாலும் பரவாயில்லை, எட்டரை, ஒன்பது என்று ஏற்றலாம். பாருக்கும் சின்ன பிளேட் வேண்டும். பெரும்பாலான ஜிம்மில் இரண்டரைக்குக் கீழே வைத்திருக்க மாட்டார்கள், இரண்டு பக்கமும் போட்டால் ஒரே தாவாக ஐந்து கிலோ ஆகிவிடும். தோபி தலாவில் விளையாட்டுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன, ஒன்றேகால் கிலோ பிளேட் ஒரு ஜோடி கேட்டுப் பாருங்கள். வாங்குவதற்கு முன் உங்கள் ஜிம் பாரின் முனை தடிமனை அளந்துகொண்டு போங்கள். தடித்த முனை பாருக்கு 50 மில்லிமீட்டர் ஓட்டை பிளேட் வேண்டும், மெல்லிய பாருக்கு வேறு. மாற்றி வாங்கிவிட்டால் அது வீட்டில் கோலமாவு டப்பாவுக்கு மூடியாகத்தான் ஆகும்.